நச்சு மண்ணுக்கு ஒரு பூட்டு

(பத்தாம் வகுப்பு மாணவியரின் அறிவியல் கட்டுரை)

வாழையிலை, காய்கறித் தோல், உதிர்ந்த மலர், காகிதம் என்று எதை மண்ணில் புதைத்தாலும் சில வாரங்களில் அது மக்கி உரமாகிவிடுகிறது. மண்ணில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்கள் இந்த வேலையை ஓசையின்றிச் செய்து முடிக்கின்றன. ஆகவே மண்ணுக்குப் பெரிய வயிறு உண்டு, எதைப் போட்டாலும் செரித்துக்கொள்ளும் என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

ஆனால் மண்ணால் செரிக்க முடியாத பொருள்களும் உண்டு. காரீயம், காட்மியம், பாதரசம், நிக்கல், குரோமியம் ஆகிய கன உலோகங்கள் அத்தகையவை. இவை தனிமங்கள். தனிமத்தை எந்த நுண்ணுயிரும் சிதைக்க முடியாது. தீயிலிட்டாலும் அது அழியாது. நூறு ஆண்டு காத்திருந்தாலும் மக்காது. ஆலைக் கழிவிலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் மண்ணில் கலந்த உலோகம், மழைநீரில் கரைந்து பயிருக்கும் கிணற்றுக்கும் அங்கிருந்து நம் உடலுக்கும் வந்து சேர்கிறது.

அழிக்க முடியாத நஞ்சை என்ன செய்வது? இக்கேள்விக்கு அறிவியலார் தேடிவரும் விடைகளுள் ஒன்று, நம் சமையலறையில் உள்ள சோயா மொச்சைக்குள்ளேயே இருக்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அதன் பெயர் யூரியேஸ். அது ஒரு நொதி. அந்த நொதி நச்சு மண்ணை எவ்வாறு பூட்டுகிறது, அதே வேளையில் அம்மண்ணை எவ்வாறு உறுதியாக்குகிறது, அந்தப் பூட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

"வலிக்கிறதே, வலிக்கிறதே!"

மண்ணில் கலந்த உலோகம் என்ன செய்யும் என்பதை அறிய ஜப்பான் நாட்டுக்குச் செல்வோம். அங்குள்ள தோயாமா மாநிலத்தில் ஜின்சு என்னும் ஆறு ஓடுகிறது. நம் ஊர் உழவர்களைப் போலவே அவ்வாற்றங்கரை மக்களும் ஆற்று நீரை வயலுக்குப் பாய்ச்சி நெல் பயிரிட்டார்கள். அந்த நீரையே குடித்தார்கள். ஆற்றின் மேற்பகுதியில் கமியோகா என்னும் இடத்தில் துத்தநாகமும் காரீயமும் வெட்டியெடுக்கும் சுரங்கம் இருந்தது. துத்தநாகத் தாதுவோடு சேர்ந்தே காட்மியமும் கிடைக்கும். அது கழிவோடு ஆற்றில் கலந்து, வாய்க்கால் வழியே வயலில் படிந்து, நெல்மணியில் ஏறியது.

அவ்வூர்ப் பெண்களுக்கு இனந்தெரியாத நோய் ஒன்று வந்தது. முதலில் இடுப்பிலும் மூட்டிலும் வலி. பின்பு நடக்க முடியாத நிலை. எலும்புகள் மென்மையாகி, உயரம் குறைந்து, இருமினாலே எலும்பு முறியும் அளவுக்கு உடல் நலிந்தது. அவர்கள் "இதாய், இதாய்" என்று அலறினார்கள். ஜப்பானிய மொழியில் அதற்கு "வலிக்கிறதே, வலிக்கிறதே" என்று பொருள். அந்த அலறலே நோயின் பெயராயிற்று. நோயுற்றவர்களுள் பெரும்பாலோர் பிள்ளை பெற்ற நடுவயதுப் பெண்களே என்பதை நினைக்கும்போது நம் உள்ளம் கலங்குகிறது. வீட்டில் எல்லோருக்கும் அதே சோற்றை வடித்துப் பரிமாறிய கைகள் அல்லவா அவை!

அவ்வூர் மருத்துவர் நொபொரு ஹகினோ விடாமுயற்சியுடன் ஆராய்ந்து, காட்மியமே காரணம் என்று எடுத்துரைத்தார். காட்மியம் முதலில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கெட்ட சிறுநீரகம் எலும்புக்கு வேண்டிய தாதுப்பொருள்களை உடலில் நிறுத்திவைக்க இயலாமல் வெளியேற்றிவிடும். அதனால் எலும்பு மெலியும். 1968ஆம் ஆண்டு ஜப்பான் அரசு இந்நோய் சுற்றுப்புறம் மாசுபட்டதால் வந்ததே என்று ஒப்புக்கொண்டது.

நோயின் காரணத்தைக் கண்டாயிற்று; வயலை என்ன செய்வது? நஞ்சேறிய மேல்மண்ணை அகற்றிப் புதைத்து, அதன்மேல் வேறிடத்து நல்ல மண்ணைக் கொண்டுவந்து பரப்பினார்கள். ஏறத்தாழ 863 ஹெக்டேர் நிலத்தை இவ்வாறு சீர்ப்படுத்தி முடித்தபோது ஆண்டு 2012. அப்பணிக்கு 33 ஆண்டுகள் ஆயின! பணி தொடங்கிய நாளில் பிறந்த பெண் குழந்தை, பணி முடிந்தபோது தன் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் தாயாகியிருப்பாள்.

மண்ணைத் தோண்டாமல், லாரிகளில் ஏற்றாமல், இருந்த இடத்திலேயே நஞ்சைக் கட்டிப்போட வழியுண்டா என்ற தேடல் ஏன் எழுந்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

நொதி என்பது யாது?

நம் உடலில் நடைபெறும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்களே நொதிகள். சோற்றை மெல்லும்போது இனிப்பதற்குக் காரணம் உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் என்னும் நொதி என்று நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். நொதி தன் வேலையை முடித்தபின் தானும் தீர்ந்துபோவதில்லை; அடுத்த மூலக்கூறைத் தேடிச் செல்கிறது. ஒவ்வொரு நொதிக்கும் ஒரே வகை வேலைதான் தெரியும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி பொருந்துவதுபோல நொதியும் அது வினைபுரியும் பொருளும் பொருந்துகின்றன என்று 1894ஆம் ஆண்டு எமில் ஃபிஷர் என்னும் ஜெர்மானிய வேதியியலார் விளக்கினார்.

யூரியேஸ் நொதிக்குத் தெரிந்த வேலை, யூரியாவை உடைப்பது. யூரியா நம் உழவர்கள் நன்கறிந்த உரம். நீரில் கரைந்த யூரியா தானாகச் சிதையப் பல ஆண்டுகள் பிடிக்கும். யூரியேஸ் அவ்வினையை ஏறத்தாழ 100 லட்சம் கோடி மடங்கு விரைவாக்குகிறது. ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டியது கண்ணிமைக்கும் நேரத்திற்குள் நடந்துவிடுகிறது.

ஒரு கையால் வென்ற அறிஞர்

யூரியேஸின் வரலாற்றைக் கூறும்போது ஜேம்ஸ் சம்னர் என்னும் அமெரிக்க அறிஞரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. இடக்கைப் பழக்கம் உடைய அவர், பதினேழு வயதில் வேட்டைக்குச் சென்றபோது நேர்ந்த விபத்தில் அந்த இடக்கையையே இழந்தார். மனம் தளராமல் வலக்கையால் எல்லாவற்றையும் செய்யப் பழகினார். ஒற்றைக் கையுடன் வேதியியல் ஆய்வு செய்வது இயலாது என்று பேராசிரியர் ஒருவர் கூறியும் அவர் பின்வாங்கவில்லை.

நம் வாளவரைக்கு நெருங்கிய உறவான ஜாக் பீன் என்னும் அவரை விதையை மாவாக்கி, அதிலிருந்து யூரியேஸைப் பிரித்தெடுக்க 1917ஆம் ஆண்டு முதல் முயன்றார். ஒன்பது ஆண்டுகள் உழைத்து, 1926ஆம் ஆண்டு அதைத் தூய படிகமாகக் கண்டார். உலகில் முதன்முதலாகப் படிகமாக்கப்பட்ட நொதி அதுவே. நொதி என்பது புரதம் என்று அவர் சொன்னதைப் பெரிய அறிஞர்களே ஏற்க மறுத்தனர். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1946ஆம் ஆண்டு, அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

1975ஆம் ஆண்டு மற்றொரு வியப்பும் வெளிப்பட்டது. ஜாக் பீன் யூரியேஸின் நடுவே நிக்கல் அணுக்கள் உள்ளன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நிக்கல் ஒரு கன உலோகம் அல்லவா? மிகுந்தால் நஞ்சாகும் உலோகமே, அளவோடு இருக்கும்போது இந்த நொதிக்கு உயிர்நாடியாக இருக்கிறது.

நாங்கள் செய்து பார்த்த சோதனை

யூரியேஸ் ஜாக் பீனில் மட்டும் இல்லை. சோயா மொச்சை, துவரை, தர்பூசணி விதை ஆகியவற்றிலும் உண்டு. எனவே எங்கள் ஆய்வுக்கூடத்தில் அறிவியல் ஆசிரியையின் மேற்பார்வையில் கீழ்க்காணும் சோதனையைச் செய்தோம்.

நான்கு கண்ணாடிக் குவளைகளில் யூரியாக் கரைசல் ஊற்றினோம். முதல் குவளையில் வேறு எதையும் சேர்க்கவில்லை. இரண்டாவதில் பச்சைச் சோயா மொச்சையை அரைத்த மாவைச் சேர்த்தோம். மூன்றாவதில் நன்றாக வேகவைத்து அரைத்த சோயா மாவைச் சேர்த்தோம். நான்காவதில் பச்சைச் சோயா மாவுடன் சிறிது மயில் துத்தமும் சேர்த்தோம். மயில் துத்தம் என்பது செம்பு உலோகத்தின் உப்பு. ஒவ்வொரு குவளையின் வாயிலும் ஈரமான மஞ்சள் தாள் ஒன்றைத் தொங்கவிட்டு மூடிவைத்தோம். மஞ்சள் தூளில் தோய்த்து உலர்த்திய வடிதாளே மஞ்சள் தாள். காரப் பொருள் பட்டால் அது குங்குமம் போலச் சிவக்கும்.

இரண்டாம் குவளையின் தாள் மட்டும் சிவந்தது. மூடியைத் திறந்தபோது அம்மோனியாவின் நெடி மூக்கைத் துளைத்தது. மற்ற மூன்று தாள்களும் மஞ்சளாகவே இருந்தன.

இதிலிருந்து மூன்று பாடங்களைக் கற்றோம். ஒன்று, யூரியாவை உடைத்தது சோயாவில் உள்ள நொதியே. இரண்டு, நொதி புரதமாதலால் வெந்நீரில் வேகும்போது உருக்குலைந்து செயலிழக்கிறது. கால்நடைத் தீவனம் செய்வோர் சோயாப் பிண்ணாக்கு போதிய அளவு வெந்ததா என்று அறிய, அதில் யூரியேஸ் மிச்சமிருக்கிறதா என்றே சோதிக்கிறார்கள். மூன்று, கன உலோகம் மிகுந்தால் நொதியே நஞ்சுண்டு கிடக்கிறது. இந்த மூன்றாம் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது தேவைப்படும்.

அடுத்து, இரண்டாம் குவளையின் நீரைத் துணியில் வடிகட்டி, அதில் கால்சியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். தெளிந்த நீர் பால்போல் வெண்மையாகி, அடியில் வெண்ணிறப் படிவு தங்கியது. மேல்நீரை வடித்துவிட்டு நீர்த்த அமிலம் இட்டபோது குமிழிகள் எழுந்தன. அப்படிவு கால்சியம் கார்பனேட் என்று தெளிந்தோம். முட்டையோடும் சிப்பியும் சுண்ணாம்புக் கல்லும் இதே பொருளால் ஆனவை.

நஞ்சு சிறைப்படும் விதம்

குவளைக்குள் நடந்ததையே மண்ணுக்குள் நடத்துவதுதான் இம்முறை. யூரியா, கால்சியம் குளோரைடு, யூரியேஸ் ஆகிய மூன்றும் கரைந்த நீரை மண்ணில் ஊற்றுகிறார்கள் அல்லது கலக்கிறார்கள். யூரியேஸ் யூரியாவை உடைக்கும்போது அம்மோனியாவும் கார்பனேட் அயனியும் உண்டாகின்றன. அம்மோனியாவால் மண்நீர் காரத்தன்மை அடைகிறது. கார நீரில் பல உலோகங்கள் கரைந்து நிற்க மாட்டா. கார்பனேட் அயனி அவற்றைப் பற்றிக்கொண்டு வீழ்படிவாக்குகிறது.

காரீயம் கார்பனேட்டுடன் சேர்ந்து காரீயக் கார்பனேட்டாகப் படிகிறது. காட்மியத்தின் நிலை இன்னும் சுவையானது. காட்மிய அயனியும் கால்சிய அயனியும் ஏறக்குறைய ஒரே பருமன் உடையவை. ஆகையால் கால்சியம் கார்பனேட் படிகம் வளரும்போது, கால்சியம் அமர வேண்டிய இருக்கைகள் சிலவற்றில் காட்மியம் அமர்ந்துவிடுகிறது. அதன்மேல் படிகம் மேலும் வளர, அது உள்ளே அகப்பட்டுக்கொள்கிறது. ஜின்சு ஆற்றங்கரையில் பெண்களின் எலும்பை உருக்கிய காட்மியத்தைச் சிறைப்பிடிக்க, அந்த எலும்புக்கு வலிமை தரும் கால்சியமே உதவுகிறது!

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். நஞ்சு அழிந்துவிடவில்லை. மண்ணில் எவ்வளவு காட்மியம் இருந்ததோ அவ்வளவும் அங்கேயே இருக்கிறது. ஆனால் நீரில் கரைந்து வேருக்கும் கிணற்றுக்கும் செல்லும் ஆற்றலை அது இழந்துவிட்டது. திருடனைச் சிறையில் அடைத்தால் ஊருக்கு அமைதி. ஆனால் திருடன் உயிரோடுதான் இருக்கிறான்.

கடலை உருண்டையும் மண்ணும்

இதே வினையால் மண் எவ்வாறு உறுதியடைகிறது? கடலை உருண்டை பிடிப்பதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். வறுத்த கடலையைத் தனியே வைத்தால் உருண்டோடும். வெல்லப் பாகைச் சிறிதளவு ஊற்றிப் பிசைந்தால், கடலையும் கடலையும் தொடும் இடங்களில் பாகு இறுகி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். பாகு அதிகம் வேண்டுவதில்லை. சரியான இடத்தில் இருந்தால் போதும்.

மணல் துகள்களே கடலை. கால்சியம் கார்பனேட்டே பாகு. துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் படிகம் வளர்ந்து பாலம் அமைக்கிறது. தளர்ந்த மணல் மெல்லிய பாறைபோல் இறுகுகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இக்கரைசலில் கொழுப்பு நீக்கிய பால்தூளையும் சிறிது சேர்த்துப் பார்த்தார்கள். பாலின் புரதம் நொதிக்குத் துணையாக நின்று, படிகங்கள் துகள்கள் கூடும் இடத்தில் படிய உதவியது. மண்ணின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவான கார்பனேட்டே நல்ல உறுதியைத் தந்ததாக 2019ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்டார்கள்.

யூரியேஸ் சுரக்கும் நுண்ணுயிர்களை மண்ணில் விட்டும் இதே பயனைப் பெறலாம். ஆனால் நுண்ணுயிருக்கு உணவு வேண்டும், காற்று வேண்டும், நுழைய இடம் வேண்டும். யூரியேஸ் மூலக்கூறோ நுண்ணுயிரைவிட நூறு மடங்குக்கு மேல் சிறியது. நுண்ணுயிர் புக முடியாத மெல்லிய களிமண் துளைகளிலும் அது புகுந்துவிடும். வேலை முடிந்தபின் மற்றப் புரதங்களைப் போல மக்கியும் போய்விடும்.

எங்கே பயன்படும்?

ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டில் கப்வே என்னும் நகரம் உள்ளது. அங்கே பல பத்தாண்டுகள் இயங்கிய காரீயச் சுரங்கம் 1994ஆம் ஆண்டு மூடப்பட்டது. சுரங்கத்தை மூடினாலும் அதன் கழிவு மேடுகள் அப்படியே நின்றன. காற்றடிக்கும்போது அங்கிருந்து எழும் தூசி வீட்டு முற்றங்களில் படிகிறது. முற்றத்தில் விளையாடும் குழந்தைகள் மண்பட்ட கையை வாயில் வைக்கிறார்கள். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும் நஞ்சு. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் காரீயத்திற்கு இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இத்தகைய கழிவு மேடுகளுக்கே நொதிமுறை மிகவும் ஏற்றது என்று நாங்கள் எண்ணுகிறோம். கரைசலை மேலே தெளித்தால் மேற்பரப்பு ஓடுபோல் இறுகி, தூசி எழாமல் தடுக்கும். மண் உறுதியாவதும் நஞ்சு பூட்டப்படுவதும் ஒரே வினையில் நடைபெறும். தூசியை அடக்க நொதிக் கரைசல் உதவுமா என்ற ஆய்வு 2016ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருக்கிறது. நம் நாட்டுக் கரிசல் மண்ணிலும் செம்மண்ணிலும் காட்மியம், நிக்கல், காரீயம் ஆகியவற்றைக் கலந்து, நொதிக் கரைசலால் அவற்றைப் பிணைத்துப் பார்த்த ஆய்வு 2020ஆம் ஆண்டு வெளியானது.

ஆனால் நெல் வயலின் நிலை வேறு. பாறைபோல் இறுகிய மண்ணில் நாற்று வேர்விடுமா? எனவே எங்கே உறுதி வேண்டும், எங்கே மென்மை வேண்டும் என்று அறிந்தே இதைக் கையாள வேண்டும்.

நான்கு தடைகள்

எந்த நல்ல முறைக்கும் குறைகள் உண்டு. அவற்றை மறைத்துப் புகழ்வது அறிவியல் ஆகாது.

முதல் தடையை எங்கள் நான்காம் குவளையே காட்டிவிட்டது. செம்பு, பாதரசம், வெள்ளி போன்ற உலோகங்கள் மிகுந்த இடத்தில் யூரியேஸ் செயலிழந்துவிடும். திருடனைப் பிடிக்கச் சென்ற காவலரையே திருடன் கட்டிப்போட்டது போன்ற நிலை அது.

இரண்டாவது தடை அம்மோனியா. ஒரு மூலக்கூறு யூரியா உடைந்தால் இரண்டு மூலக்கூறு அம்மோனியா உண்டாகிறது. அது மண்ணில் தங்கி நைட்ரேட்டாக மாறிக் குடிநீரில் கலந்தால் ஒரு நஞ்சை நீக்கி மற்றொன்றைத் தந்தவர்களாவோம். எனவே அதைக் கழுவியெடுத்துச் சேகரிக்க வேண்டும்.

மூன்றாவது தடை செலவு. தூய்மையாக்கப்பட்ட யூரியேஸின் விலை மிக அதிகம். அதனால்தான் சோயா, ஜாக் பீன், தர்பூசணி விதை ஆகியவற்றை அரைத்து வடிகட்டிய சாற்றையே பயன்படுத்தப் பலர் முயல்கின்றனர். வீணாகும் விதையிலிருந்து வேண்டிய நொதி கிடைத்தால் ஏழை நாடுகளுக்கும் இம்முறை எட்டும்.

நான்காவது தடையே பெரியது. இந்தப் பூட்டை அமிலம் திறந்துவிடும். முட்டையோட்டை எலுமிச்சைச் சாற்றில் இட்டால் கரைகிறதல்லவா? அதுபோல அமில மழையோ, சுரங்கத்திலிருந்து கசியும் அமில நீரோ பட்டால் கார்பனேட் கரைந்து, உள்ளேயிருக்கும் உலோகம் மீண்டும் வெளிவரும். ஆகையால் பூட்டிவிட்டோம் என்று திரும்பிச் சென்றுவிட முடியாது. ஆண்டுதோறும் மண்ணையும் நீரையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நம் மாநிலத்தில்

தமிழ்நாட்டில் இதற்கு வேலை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட ஆலை ஒன்று விட்டுச்சென்ற குரோமியக் கழிவுக் குவியல் அங்குள்ள நிலத்தடி நீரைக் கெடுத்தது. கொடைக்கானலில் 2001ஆம் ஆண்டு மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் மண்ணில் பாதரசம் கலந்தது.

இவ்விரண்டையும் யூரியேஸ் எனும் ஒரே பூட்டால் பூட்டிவிட முடியாது. ராணிப்பேட்டைக் கழிவில் உள்ளது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். அது குரோமேட் என்னும் எதிர்மின் அயனியாக நீரில் திரிவதால் கார்பனேட்டுடன் சேராது. அதை முதலில் மூன்று இணைதிறன் கொண்ட குரோமியமாக மாற்ற வேண்டும். அவ்வாறு மாற்றும் நொதிகள் சில நுண்ணுயிர்களிடம் உள்ளன. மாறிய குரோமியம் எளிதில் வீழ்படிவாகிவிடும். அதன் நச்சும் மிகக் குறைவு. பாதரசமோ யூரியேஸையே முடக்கிவிடும். ஆகவே மருத்துவர் நோயறிந்து மருந்து கொடுப்பதுபோல, மண்ணறிந்து நொதியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

நாம் செய்யத்தக்கது

மண்ணில் புகுந்த உலோகத்தை வெளியேற்றப் பல ஆண்டுகளும் பெரும்பொருளும் தேவை. பூட்டிவைத்தாலோ தலைமுறை தலைமுறையாகக் காவல் தேவை. ஆகவே புகாமல் தடுப்பதே எல்லாவற்றிலும் எளியது, மலிவானது.

அது முடியாத செயலன்று. ஒரு காலத்தில் உலகெங்கும் பெட்ரோலில் காரீயம் கலந்தே விற்றார்கள். இந்தியாவில் அவ்வழக்கம் 2000ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. 2021ஆம் ஆண்டு உலகம் முழுவதிலும் வாகனங்களுக்கான அத்தகைய பெட்ரோல் விற்பனை முடிவுக்கு வந்தது. மனிதர் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் வீட்டிலும் இதற்கு வேலை உண்டு. குழல்விளக்கில் பாதரசம் இருக்கிறது; பழைய கார் பேட்டரியில் காரீயம் இருக்கிறது; மின்னேற்றம் செய்யும் பழைய வகை நிக்கல்-காட்மியம் பேட்டரியில் காட்மியம் இருக்கிறது. இவற்றைக் குப்பைத் தொட்டியிலோ கிணற்றடியிலோ எறியாமல் தனியே சேர்த்து, முறையாக வாங்குவோரிடம் கொடுக்கலாம். குழல்விளக்கை உடைத்து விளையாடும் தம்பி தங்கையரைத் தடுக்கலாம். பெற்றோர்களும் இதில் எங்களுக்குத் துணைநிற்க வேண்டுகிறோம்.

தோழியரே! நம்மில் சிலர் நாளை வேதியியல் படிக்கலாம். சிலர் பொறியியல் படிக்கலாம். சிலர் வேளாண்மை பயிலலாம். நொதியின் விலையைக் குறைப்பதும், அம்மோனியாவை அடக்குவதும், அமிலத்திற்கு அசையாத பூட்டைக் காண்பதும் இன்னும் முடியாத வேலைகளாக நமக்காகக் காத்திருக்கின்றன. அவற்றைச் செய்யப்போகிறவர்கள், ஜின்சு ஆற்றங்கரையில் வலியால் அலறிய அந்தத் தாய்மார்களை மறவாமல் செய்தால் போதும். மண் எந்த நஞ்சையும் தானாகத் தேடிக்கொள்ளவில்லை; நாம் கொடுத்ததையே அது சுமக்கிறது. கொடுத்ததைப் பூட்டுவதும், இனிக் கொடாதிருப்பதும் நம் கடமை.